விண்டோஸ் யூசர் புரொஃபைல் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. யூசர் புரொஃபைல் என்பது உங்கள் ஃபைல்களும் அமைப்புகளும் இருக்கும், உங்கள் கணக்குக்கான ஃபோல்டர். மெனுக்களின் பெயர்களைத் திரையில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அலுவலக சர்வரோடு இணைந்த கம்ப்யூட்டர் என்றால் எதையும் தொடாமல் அங்குள்ள அட்மினிடம் கொடுத்துவிடுங்கள்; அங்கே விதிகள் வேறு.

காலையில் ஆன் செய்தால் டெஸ்க்டாப் காலி. வால்பேப்பர், ஃபைல், ஷார்ட்கட் எதுவும் இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. விண்டோஸ் கீ, ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் (..) மட்டும் வைத்து என்டர் தட்டுங்கள். சி டிரைவில் உள்ள யூசர்ஸ் ஃபோல்டர் திறக்கும். அதில் உங்கள் பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதா, அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவற்றில் ஃபைல்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பிரச்சினை விண்டோஸ் உங்களை எந்த ஃபோல்டருக்குள் அனுப்புகிறது என்பதில்தான்; ஃபைல்களுக்கு ஆபத்தில்லை.

இப்போது அதே பெட்டியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டுங்கள். இந்த நிமிடம் நீங்கள் எந்த புரொஃபைலில் இருக்கிறீர்களோ அது திறக்கும். மேலே முகவரிப் பட்டியில் கிளிக் செய்தால் முழுப் பாதையும் தெரியும். அது டெம்ப் என்று முடிந்தால் நீங்கள் தற்காலிக புரொஃபைலில் இருக்கிறீர்கள். உங்கள் பெயரே இருந்தும் டெஸ்க்டாப் மட்டும் காலி என்றால், கீழே ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) பற்றிய கேள்விக்குப் போங்கள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அதுவும் இதே அளவுக்கு அடிக்கடி நடக்கிறது.

தற்காலிக புரொஃபைல் என்றால் என்ன?

நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும் விண்டோஸ் இரண்டு வேலைகள் செய்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் புரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் உங்கள் கணக்குக்கான ஃபோல்டர் எது என்று பார்க்கிறது. பிறகு அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் என்டியூசர் டாட் (NTUSER.DAT) என்ற ஃபைலை நினைவகத்தில் ஏற்றுகிறது. வால்பேப்பர், டாஸ்க்பார், விசைப்பலகை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் நீங்கள் செய்த அமைப்புகள் எல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் இருக்கின்றன. இரண்டில் ஒன்று தவறினாலும் விண்டோஸ் உங்களை வெளியே நிறுத்துவதில்லை. புதிதாக டெம்ப் ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி அதற்குள் விட்டுவிடுகிறது. அப்போது "வீ கான்ட் சைன் இன்டு யுவர் அக்கவுன்ட்" என்று ஒரு பெட்டி வரும். பலர் படிக்காமலே குளோஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக் கூடாது: தற்காலிக புரொஃபைலில் சேமிப்பது எல்லாம் சைன் அவுட் செய்ததும் அழிந்துவிடும். காலையிலிருந்து அதில் வேலை பார்த்துவிட்டீர்கள் என்றால், ஷட்டவுன் செய்வதற்கு முன் அந்த ஃபைல்களை டி டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ காப்பி செய்துவிடுங்கள். பிரவுசரில் இறக்கியவற்றையும் சேர்த்துத்தான்.

முதலில் என்ன செய்வது?

ரீஸ்டார்ட். கேலியாகச் சொல்லவில்லை. ஆன்டிவைரஸோ பேக்கப் மென்பொருளோ அந்த நேரத்தில் என்டியூசர் ஃபைலைப் பிடித்து வைத்திருந்தால் விண்டோஸால் அதை ஏற்ற முடியாது. அடுத்த முறை தானாகவே சரியாகிவிடும். ஷட்டவுன் வேண்டாம், ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட்டே கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட்டவுன் செய்தால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை, உறக்கநிலையில் சேமிக்கப்படுகிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் அதே நிலை என்றால் மேலும் மேலும் முயல வேண்டாம். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். சில நூறு எம்பி மட்டும் மிச்சம் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம். தேவையற்றதை நீக்கி ஐந்து, பத்து ஜிபி இடம் உண்டாக்கிவிட்டு மறுபடி சைன் இன் செய்யுங்கள். இடம் நிறைய இருந்தால் அடுத்த கேள்வி.

ரெஜிஸ்ட்ரியில் சரிசெய்வது எப்படி?

தற்காலிக புரொஃபைலில் மாட்டியவர்களில் பலருக்கு இது போதும். ஆனால் கை நடுங்கும் இடமும் இதுதான். அட்மின் உரிமை உள்ள கணக்கு தேவை. வேறொரு அட்மின் கணக்கு இருந்தால் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கெட்டுப்போன கணக்குக்குள் போகாமல், நேராக அந்த இன்னொரு கணக்கில் நுழையுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் தற்காலிக புரொஃபைலிலிருந்தே செய்யலாம். உங்கள் கணக்கின் அட்மின் உரிமை அதிலும் நீடிக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தேடித் திறங்கள். இடப்பக்க மரத்தில் இந்த வரிசையில் விரித்துக்கொண்டு போங்கள்: எச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷன், புரொஃபைல்லிஸ்ட். விண்டோஸ் என்று மட்டும் ஒன்றும், விண்டோஸ் என்டி என்று ஒன்றும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

எதையும் மாற்றுவதற்கு முன் புரொஃபைல்லிஸ்ட் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து, அந்த ஃபைலை டி டிரைவில் வையுங்கள். ஏதாவது தவறினால் அதை இரட்டை கிளிக் செய்தால், மாற்றியவையும் நீக்கியவையும் பழையபடி வந்துவிடும்.

புரொஃபைல்லிஸ்ட்டுக்குள் எஸ்-1-5-18, 19, 20 என்று மூன்று குட்டிப் பெயர்கள் இருக்கும். அவை விண்டோஸுக்கே உரியவை, கை வைக்காதீர்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமானவைதான் வீட்டு ஆட்களின் கணக்குகள். ஒவ்வொன்றையும் கிளிக் செய்து, வலப்பக்கம் புரொஃபைல்இமேஜ்பாத் என்ற வரியைப் பாருங்கள். அது யாருடைய ஃபோல்டர் என்று அதில் தெரியும்.

தற்காலிக புரொஃபைல் வந்த கம்ப்யூட்டரில் ஒரே நீள எண் இரண்டு தடவை இருக்கும். ஒன்றின் முடிவில் ஒரு புள்ளியும் பி, ஏ, கே என்ற மூன்று எழுத்துகளும் ஒட்டியிருக்கும். அந்த வால் உள்ளதுதான் உங்கள் உண்மையான புரொஃபைல். அதன் புரொஃபைல்இமேஜ்பாத் உங்கள் பெயரைக் காட்டும். வால் இல்லாதது டெம்ப் ஃபோல்டரைக் காட்டும். இப்படி உறுதிசெய்துகொண்ட பிறகு செய்ய வேண்டியவை:

1. வால் இல்லாததன் மேல் வலது கிளிக், ரீநேம். முடிவில் ஒரு புள்ளியும் எக்ஸ் என்ற எழுத்தும் சேருங்கள்.
2. வால் உள்ளதை ரீநேம் செய்து, புள்ளியையும் பின்னால் உள்ள மூன்று எழுத்துகளையும் மட்டும் நீக்குங்கள். எண்ணில் ஒரு இலக்கம்கூட மாறக் கூடாது.
3. வாலை நீக்கிய அதையே தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் ஸ்டேட் என்பதை இரட்டை கிளிக் செய்து மதிப்பை 0 ஆக்குங்கள். ரெஃப்கவுன்ட் என்று ஒன்று இருந்தால் அதையும் 0 ஆக்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், உண்டாக்க வேண்டாம்.
4. ரீஸ்டார்ட் செய்து உங்கள் கணக்கில் நுழையுங்கள்.

வால் உள்ள ஒன்று மட்டும் இருந்து, இணை இல்லையென்றால் முதல் படி தேவையில்லை. எல்லாம் சரியாக வந்து ஒரு வாரம் ஓடிய பிறகு, எக்ஸ் சேர்த்த அந்தப் பழைய பதிவை நீக்கிவிடலாம். அன்றே நீக்க அவசரம் ஒன்றும் இல்லை.

அப்படி இரட்டைப் பதிவு எதுவும் இல்லையே? அல்லது சரிசெய்தும் மறுநாள் அதே கதை?

அப்படியென்றால் முகவரி சரியாக இருக்கிறது, என்டியூசர் ஃபைலிலோ டிஸ்க்கிலோ கோளாறு. விண்டோஸ் கீ, எக்ஸ் இரண்டையும் அழுத்தி ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். சோர்ஸ் என்ற நெடுவரிசையில் யூசர் புரொஃபைல் சர்வீஸ் பெயரில் உள்ள வரிகளைத் தேடுங்கள்.

1511 என்ற எண் வந்தால், உங்கள் புரொஃபைலைக் கண்டுபிடிக்க முடியாமல் தற்காலிகமானதை ஏற்றியிருக்கிறது. 1515 என்றால் பழைய பதிவுக்கு வால் ஒட்டி ஒதுக்கி வைத்திருக்கிறது. 1508 என்றால் என்டியூசர் ஃபைலை ஏற்றவே முடியவில்லை. காரணம் அந்த வரியின் விளக்கத்தில் இருக்கும். வேறொரு நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று சொன்னால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். ஃபைல் சிதைந்தது என்ற பொருளில் சொன்னால் அதைச் செப்பனிட முயல்வதைவிடப் புதுக் கணக்குக்கு மாறுவதே மேல். 1530 என்ற எச்சரிக்கை மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம். சைன் அவுட் செய்யும்போது ஏதோ ஒரு மென்பொருள் ரெஜிஸ்ட்ரியை விடாமல் பிடித்திருந்தது என்பதுதான் அதன் பொருள். நல்ல கம்ப்யூட்டரிலும் அது வரும்.

புதுக் கணக்குக்குப் போகும் முன் ஒரு வழியை முயன்று பார்க்கலாம்: சிஸ்டம் ரெஸ்டோர். ஸ்டார்ட் மெனுவில் ரெக்கவரி என்று தேடி, ஓபன் சிஸ்டம் ரெஸ்டோர் கொடுத்தால், பழைய தேதியில் ரெஸ்டோர் பாயின்ட் இருக்கிறதா என்று தெரியும். அது ரெஜிஸ்ட்ரியைப் பின்னுக்குக் கொண்டுபோகும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடாது. அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் மட்டும் போய்விடும். பல வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி ஆஃப் செய்யப்பட்டே இருக்கும். அப்போது பட்டியல் காலியாக வரும், அவ்வளவுதான்.

டிஸ்க் கெட்டுப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரே மாதத்தில் இரண்டாவது முறையாக புரொஃபைல் சிதைந்தால் முதலில் டிஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ் மேல் வலது கிளிக், புராபர்ட்டீஸ், டூல்ஸ், செக். பிழை இருந்தால் சரிசெய்ய அனுமதி கேட்கும். விண்டோஸ் 11-ல் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ், டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் என்று போய் அந்த டிஸ்க்கின் புராபர்ட்டீஸைத் திறந்தால் டிரைவ் ஹெல்த் தெரியும். பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ரீஅலோகேட்டட் செக்டார்ஸ், கரன்ட் பெண்டிங் செக்டார்ஸ் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். பூஜ்ஜியத்தை விட்டு ஏறிக்கொண்டே போனால், வேறு எதையும் பழுதுபார்க்காமல் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். நீண்ட டிஸ்க் சோதனை அந்த நிலையில் உள்ள டிஸ்க்கை இன்னும் வேகமாக வீழ்த்தும்.

மின்தடையால் இது வருமா?

வரும். சைன் இன் செய்திருக்கும் வரை என்டியூசர் ஃபைல் திறந்தபடியே இருக்கிறது. மாற்றங்கள் முதலில் பக்கத்தில் உள்ள இரண்டு லாக் ஃபைல்களில் எழுதப்பட்டு, பிறகே மூல ஃபைலுக்குப் போகின்றன. திடீரென மின்சாரம் போனாலும் அடுத்த முறை லாக்கை வைத்து விண்டோஸ் சரிசெய்துகொள்ளும். பத்தில் ஒன்பது முறை உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. லாக்கும் அரைகுறையாக எழுதப்பட்டு நின்றால்தான் சிக்கல். யூபிஎஸ் இருந்தும் அதன் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்காத நிலையில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அப்டேட் ஓடும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதும் மின்தடையைப் போலத்தான்.

என் பெயர் ஃபோல்டரில் எழுத்துப்பிழை. ரீநேம் செய்யலாமா?

கூடாது. எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினால் ரெஜிஸ்ட்ரியில் பழைய பெயரே இருக்கும். அடுத்த சைன் இன்னில் தற்காலிக புரொஃபைல். ரெஜிஸ்ட்ரியிலும் சேர்த்து மாற்றினால் உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால் பழைய முழுப் பாதையைத் தமக்குள் எழுதி வைத்திருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக முரண்டு பிடிக்கும். மைக்ரோசாஃப்ட்டும் இதை ஆதரிப்பதில்லை. கன்ட்ரோல் பேனலில் கணக்கின் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர் மட்டும்தான் மாறும், ஃபோல்டர் மாறாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் புதுக் கம்ப்யூட்டரை அமைத்தால், ஃபோல்டருக்கு உங்கள் மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளையே எடுத்துக்கொள்ளும். "செந்தில்" என்பவர் "செந்தி" போலக் குறைப்பெயரோடு காலம் தள்ளுவது இதனால்தான். வேண்டிய பெயர் வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெயரில் ஒரு லோக்கல் கணக்கை உண்டாக்கி, அதில் ஒருமுறை நுழைந்து ஃபோல்டரை உருவாக்கிவிட்டு, பிறகு அதை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். விண்டோஸுக்குப் பிரச்சினை இல்லை. யூனிகோடு அறியாத பழைய கணக்கு மென்பொருள்கள், பிரின்டர், ஸ்கேனர் நிரல்கள் சில அந்தப் பாதையைப் படிக்க முடியாமல் திணறும். ஃபோல்டர் பெயரை இடைவெளி இல்லாத சிறு ஆங்கில எழுத்தில் உண்டாக்கிவிட்டு, திரையில் தெரியும் பெயரைப் பின்னால் தமிழுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

யூசர்ஸ் ஃபோல்டரில் என் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்! ஒன்றின் பின்னால் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டியிருக்கிறது.

விண்டோஸ் புதிதாக புரொஃபைல் உண்டாக்கப் போனபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபோல்டர் இருந்திருக்கிறது. அதனால் கம்ப்யூட்டர் பெயரையோ, 000 போன்ற எண்ணையோ சேர்த்துக்கொண்டது. விண்டோஸை மறுபடி நிறுவியபோதோ, ரெஜிஸ்ட்ரிப் பதிவு மட்டும் அழிக்கப்பட்டபோதோ இப்படி ஆகும். 2020 பிப்ரவரியில் வந்த கேபி4532693 என்ற விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு பலர் காலி டெஸ்க்டாப்பைப் பார்த்துப் பதறியபோதும் ஃபைல்கள் இப்படி வால் ஒட்டிய ஃபோல்டரில்தான் இருந்தன. எதில் புதிய தேதியுள்ள ஃபைல்கள் இருக்கின்றன என்று பார்க்காமல் எதையும் நீக்காதீர்கள்.

தற்காலிக புரொஃபைல் இல்லை, பெயரும் சரி. ஆனால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் காலி.

ஒன்டிரைவ். பேக்கப் எடுக்கவா என்று அது எப்போதோ கேட்டிருக்கும், யாரோ சரி கொடுத்திருப்பார்கள். அந்த நொடியிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கும். பின்னால் ஒன்டிரைவின் பேக்கப்பை நிறுத்தினாலோ துண்டித்தாலோ விண்டோஸ் பழைய காலி டெஸ்க்டாப்பைக் காட்டும்; ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு புள்ளி வைத்து புரொஃபைலைத் திறந்து ஒன்டிரைவுக்குள் பாருங்கள். அங்கிருந்து வழக்கமான இடத்துக்கு எடுத்துப் போடலாம்.

மேகக் குறி உள்ள ஃபைல்களை மட்டும் கவனியுங்கள். அவை உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. வேறு கணக்கிலிருந்து அவற்றைக் காப்பி செய்தால், கிளவுட் ஃபைல் புரொவைடர் இயங்கவில்லை என்று பிழை வரும். பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குள் நுழைந்து இறக்குங்கள்.

"யூசர் புரொஃபைல் சர்வீஸ் ஃபெயில்டு த சைன் இன்" என்று சொல்லி உள்ளேயே விடவில்லை.

தற்காலிக புரொஃபைலைக்கூட உண்டாக்க முடியாத நிலை இது. வேறு கணக்கு இருந்தால் அதில் நுழைந்து, மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி வேலையைச் செய்யுங்கள். இல்லையென்றால் சைன் இன் திரையில் வலக் கீழ்மூலையில் பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பட்டியல் வந்ததும் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ். ஆன்டிவைரஸ் போன்றவை அங்கே ஏறாது என்பதால் அதே கணக்கு பல நேரம் அங்கே திறந்துவிடும்.

இந்தப் பாதையில் போகும்போது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். புது லேப்டாப்களில் நீங்கள் ஆன் செய்யாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தைத் திறந்து டிவைசஸ் பகுதியில் பார்த்தால் கீ கிடைக்கும். அது இல்லாமல் டிஸ்க்கை யாராலும் திறக்க முடியாது, கடைக்காரராலும்.

பழைய கணக்குகள் திறக்கின்றன, புதிதாக உண்டாக்கும் கணக்குகள் மட்டும் இந்தப் பிழையைத் தருகின்றன என்றால் குற்றவாளி வேறு. புதுக் கணக்குகளுக்கெல்லாம் அச்சாக இருக்கும் டீஃபால்ட் ஃபோல்டர் கெட்டிருக்கிறது. யூசர்ஸ் ஃபோல்டரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்தால் அது தெரியும். அதே விண்டோஸ் பதிப்பு உள்ள வேறொரு கம்ப்யூட்டரின் டீஃபால்ட் ஃபோல்டரிலிருந்து என்டியூசர் டாட் ஃபைலைக் கொண்டுவந்து போட்டால் சரியாகும். பழையதை நீக்காமல் பெயர் மாற்றி வையுங்கள்.

புதுக் கணக்கு உண்டாக்கி ஃபைல்களை மாற்றுவது எப்படி?

செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ்; விண்டோஸ் 10-ல் ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ். ஆட் அக்கவுன்ட் கொடுத்து, மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் இந்த நபரின் விவரம் என்னிடம் இல்லை என்ற வரியையும், அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுங்கள். கணக்கு உண்டானதும் சேஞ்ச் அக்கவுன்ட் டைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

ரீஸ்டார்ட் செய்து நேராகப் புதுக் கணக்கில் நுழையுங்கள். பழைய ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லி, கன்டினியூ பட்டன் காட்டும். அழுத்திவிட்டுக் காத்திருங்கள். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருந்தால் பச்சைக் கோடு மெல்லத்தான் நகரும், நடுவில் மூடாதீர்கள்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் இவற்றுக்குள் உள்ளதை மட்டும் புது ஃபோல்டர்களுக்குள் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம். ஒரே டிரைவுக்குள் கட் செய்து ஒட்டினால் ஃபைல்கள் பழைய உரிமைகளோடு வந்து, பிறகு அனுமதி இல்லை என்று தொல்லை தரும். காப்பி செய்தால் புது ஃபோல்டரின் உரிமை கிடைக்கும். அதற்கு அதே அளவு காலி இடம் வேண்டும். பழைய ஃபோல்டர்களின் புராபர்ட்டீஸில் அளவை முன்கூட்டியே பாருங்கள்.

என்டியூசர் என்று தொடங்கும் எதையும் எடுக்காதீர்கள். நோயையும் சேர்த்துக் குடியேற்றுவது அது. அப்ளிகேஷன் டேட்டா, மை டாக்குமென்ட்ஸ் போன்ற பெயரில் அம்புக்குறியோடு தெரிபவை உண்மையான ஃபோல்டர்களே அல்ல. பழைய மென்பொருள்களுக்காக வைத்த வழிகாட்டிகள். திறந்தால் ஆக்சஸ் டினைடு என்று வருவது இயல்பு. சில காப்பி நிரல்கள் அவற்றுக்குள் நுழைந்து வெளியே வர முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஆப்டேட்டாவை அப்படியே காப்பி செய்யலாமா? குரோமில் உள்ள பாஸ்வேர்டுகள்?

ஆப்டேட்டா என்பது மென்பொருள்கள் தங்கள் தரவை வைக்கும் மறைந்த ஃபோல்டர். முழுதாக வேண்டாம், தேவையானதை மட்டும். குரோம் பாஸ்வேர்டுகள் உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு திறக்காது. கூகுள் கணக்கில் சிங்க் ஆகியிருந்தால் தானாக வந்துவிடும். இல்லையென்றால், பழைய கணக்கு சேஃப் மோடிலாவது திறக்கும்போதே பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அந்த ஃபைலில் எல்லாம் வெட்டவெளிச்சமாக இருக்கும். இறக்குமதி முடிந்த கையோடு அழித்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு இரண்டும் இந்த விஷயத்தில் தங்கம். ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் உள்ள அவற்றின் ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாஸ்வேர்டு, அஞ்சல் எல்லாம் வந்துவிடும். அவுட்லுக்கில் பிஎஸ்டி ஃபைலை மட்டும் எடுங்கள். ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் நகல், கணக்கைச் சேர்த்தால் மறுபடி இறங்கும்.

இதே காரணத்தால், லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை இன்னொரு அட்மின் கணக்கிலிருந்து ரீசெட் செய்தாலும் சேமித்த பாஸ்வேர்டுகள் பூட்டிக்கொள்ளும். பழைய பாஸ்வேர்டு நினைவிருந்தால் உரியவரே உள்ளே போய் மாற்றட்டும்.

புதுக் கணக்கில் பாமினி எழுத்துரு காணவில்லை, தமிழ்த் தட்டச்சும் இல்லை.

விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துரு ஃபைலைத் திறந்து இன்ஸ்டால் கொடுத்தால் அந்த ஒரு பயனருக்கு மட்டுமே நிறுவப்படுகிறது. ஃபைல் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுங்கள். விண்டோஸ் 11-ல் ஷோ மோர் ஆப்ஷன்ஸுக்குள் இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் எழுத்துரு இல்லாமல் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதைப் பார்த்து ஃபைலே கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விசைப்பலகையும் பயனருக்குப் பயனர் தனி. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 போன்ற உங்களுக்குப் பழகிய கீபோர்டைச் சேருங்கள்.

பழைய புரொஃபைலை எப்போது, எப்படி நீக்குவது?

ஒரு மாதம் பொறுங்கள். நினைவுக்கு வராத ஏதோ ஒன்று அதில்தான் இருக்கும். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், யூசர் புரொஃபைல்ஸ் பகுதியில் செட்டிங்ஸ். பெயரைத் தேர்ந்தெடுத்து டெலீட். ஃபோல்டரும் ரெஜிஸ்ட்ரிப் பதிவும் சேர்ந்து போகும். கணக்கின் பெயர் மட்டும் சைன் இன் திரையில் மிச்சமிருக்கும். அதை அதர் யூசர்ஸ் பக்கத்தில் ரிமூவ் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை மட்டும் நீக்கினால் பதிவு அனாதையாக நின்று, அந்தக் கணக்கில் யாராவது நுழைந்தால் மறுபடியும் டெம்ப்.

சி டிரைவ் நிறைந்துவிட்டது. யூசர்ஸ் ஃபோல்டரையே டி டிரைவுக்கு மாற்றலாமா?

முழுதாக வேண்டாம், விண்டோஸ் அப்டேட்டில் அடிவாங்கும். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம்: வலது கிளிக், புராபர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி டிரைவில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் முன்கூட்டியே உண்டாக்கி அதைக் காட்டுங்கள். அவசரத்தில் டி டிரைவையே தேர்ந்தெடுத்தால் டிரைவ் முழுவதும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும். திருப்பி அனுப்பப் போனால் டிரைவில் உள்ள சினிமாக்கள் வரை சி டிரைவுக்கு வரப் பார்க்கும். ஆப்டேட்டாவைத் தொட வேண்டாம்.

கடையில் ஃபார்மட் போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள்.

புரொஃபைல் கோளாறுக்கு ஃபார்மட் தேவைப்படுவது அபூர்வம். அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. உங்கள் ஃபைல்களைத் தேடி எடுப்பது அரைநாள் வேலை. புதிதாக உண்டாக்கிய கணக்கிலும் அதே கோளாறு வந்தால்தான் விண்டோஸைச் சந்தேகிக்க வேண்டும். புதுக் கணக்கு நன்றாக ஓடினால் விண்டோஸ் நலம், உங்கள் புரொஃபைல்தான் கெட்டது. ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை, தேடல் வேலை செய்யவில்லை, டாஸ்க்பார் உறைகிறது போன்ற புகார்களுக்கும் இதே சோதனைதான். ஃபார்மட்டே முடிவு என்றால் யூசர்ஸ் ஃபோல்டர் முழுவதும் வெளி டிஸ்க்கில் ஏறியதை நீங்களே திறந்து பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

இனி வராமல் இருக்க?

வராமலே தடுக்க முடியாது. வந்தால் பத்து நிமிடத்தில் மீள வழி செய்து வைக்கலாம். இன்றைக்கே இரண்டாவதாக ஒரு அட்மின் கணக்கு உண்டாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்காத லோக்கல் கணக்காக இருக்கட்டும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அதில் ஒருமுறை நுழைந்து வெளியே வந்துவிடுங்கள், அன்றாடம் பயன்படுத்த வேண்டாம். பிள்ளைகளுக்குத் தனியாக ஸ்டாண்டர்டு கணக்கு கொடுங்கள். பிட்லாக்கர் கீயையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று. காப்பி முடிந்ததும் அதைக் கழற்றி வைக்க வேண்டும், செருகியே இருக்கும் டிஸ்க்கையும் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் விட்டுவைக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கு மாறப் போகிறவர்கள் அப்கிரேடு தொடங்கும் முன் யூசர்ஸ் ஃபோல்டரை ஒருமுறை அந்த டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.